குடும்பத்து இன்கம்டாக்ஸ் கணக்கை யாரிடம் கொடுப்பது? 'ரீபண்டு வாங்கித் தர்றேன்' ஆசாமிகளிடம் உஷார்!

சென்னை:

'அண்ணே, உங்களுக்கு எவ்ளோ ரீபண்டு வேணும்?'

வருமான வரி கணக்கு தாக்கல் செய்யும் சீசன் வந்துவிட்டால் ஆபீஸ் கேன்டீனிலும், டீக்கடையிலும், வாட்ஸ்அப்பிலும் இந்த ஒரு கேள்வி சுற்றிச் சுற்றி வரும். 'உனக்கு எவ்வளவு வரி வரும்' என்று கேட்க மாட்டார்கள். 'எவ்வளவு திருப்பி வேணும்' என்றுதான் கேட்பார்கள். ஏதோ பழைய பேப்பரை எடைக்குப் போட்டு காசு வாங்குற மாதிரி!

இப்படி ஆசை காட்டியவர்கள் மீது 2025-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி பெரிய இடியாக இறங்கியது வருமான வரித்துறை. நாடு முழுக்க 150 இடங்களில் ஒரே நேரத்தில் சோதனை. மராட்டியம், டெல்லி, குஜராத், பஞ்சாப், மத்திய பிரதேசத்துடன் நம்ம தமிழ்நாட்டின் பெயரும் அந்த பட்டியலில் இருந்தது.

என்ன நடந்திருக்கிறது என்றால், கட்டாத வாடகையை கட்டியதாக காட்டியிருக்கிறார்கள். கட்சிக்கு கொடுக்காத நன்கொடையை கொடுத்ததாக காட்டியிருக்கிறார்கள். வாங்காத கல்விக் கடனுக்கு வட்டி, செய்யாத வைத்தியத்துக்கு செலவு. இதையெல்லாம் கழித்து, பிடித்த வரியை ரீபண்டாக வாங்கிக் கொடுத்து, அதில் ஒரு பங்கை கமிஷனாக எடுத்திருக்கிறார்கள்.

இதைவிட பெரிய கூத்து ஒன்று உண்டு. கும்பல் கும்பலாக ரிட்டர்ன் போடுவதற்காகவே தற்காலிக இ-மெயில் முகவரிகளை உருவாக்கி இருக்கிறார்கள். சீசன் முடிந்ததும் அந்த மெயிலை அப்படியே விட்டுவிட்டு போய்விட்டார்கள். வருமான வரித்துறை அனுப்பிய நோட்டீஸ் எல்லாம் அந்த ஆளில்லாத பெட்டியில் போய் தூங்கியது. சம்பந்தப்பட்ட தொழிலாளிக்கோ, ஊழியருக்கோ நோட்டீஸ் வந்த விஷயமே தெரியாது.

அந்த சோதனைக்கு முந்தைய 4 மாதங்களில் மட்டும் சுமார் 40 ஆயிரம் பேர் பயந்துபோய் தங்கள் கணக்கை திருத்தி, ரூ.1,045 கோடி பொய்க் கழிவுகளை வாபஸ் வாங்கினார்கள் என்று மத்திய அரசே அறிவித்தது.

கையெழுத்து யாருடையதோ, கழுத்தும் அவருடையது

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். ரிட்டர்னை யார் டைப் அடித்தாலும் அது உங்கள் ரிட்டர்ன். 'எனக்கு ஒண்ணும் தெரியாது சார், அவர்தான் போட்டார்' என்று சொன்னால் அதிகாரி காது கொடுத்து கேட்கலாம், ஆனால் வரியும் வட்டியும் உங்களிடம்தான் வசூல் ஆகும். தெரிந்தே தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால் ஏய்த்த வரியைப்போல் 200 சதவீதம் அபராதம் போட 1961-ம் ஆண்டு சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பணம் உங்கள் பேங்க் கணக்குக்கு வந்திருக்கும். கமிஷன் வாங்கியவரின் பெயர் எந்த காகிதத்திலும் இருக்காது.

அப்படியென்றால் ஆடிட்டரிடம் மட்டும்தான் போகணுமா? அதெல்லாம் இல்லை. இது பலருக்கு தெரியாத விஷயம். ரிட்டர்ன் நிரப்பிக் கொடுக்க சி.ஏ. படித்தவர்தான் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கடை, கம்பெனி கணக்குகளை தணிக்கை செய்து சான்றிதழ் தருவதற்குத்தான் சி.ஏ. கட்டாயம். மற்றபடி நீங்களே போடலாம், உங்கள் மகன் போடலாம், பிரவுசிங் சென்டர் தம்பி போடலாம். 2006-ல் வருமான வரித்துறையே பட்டதாரிகளுக்கு பயிற்சி கொடுத்து, அதிகபட்சம் ரூ.250 கட்டணத்தில் ரிட்டர்ன் போட்டுத்தர ஒரு திட்டம் கொண்டு வந்தது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்.

ஒரே கம்பெனி சம்பளம், ஒரு சேமிப்பு கணக்கு, ஒரு சொந்த வீடு. இவ்வளவுதான் என்றால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வருமான வரித்துறை இணையதளத்தில் சம்பளம், பிடித்த வரி, வட்டி எல்லாம் முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கிறார்கள். படிவம் 16-ஐ பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிபார்த்து 'சமர்ப்பி' என்று அழுத்தினால் முடிந்தது. பிளஸ்-2 படிக்கிற பிள்ளை உதவி செய்தால் போதும். கட்டணம் எதுவும் கிடையாது.

சிக்கல் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், குடும்பத்தில் ஒரு வீடு விற்கும்போது!

பெரம்பூரில் ஒரு வீடு, நாலு வாரிசு

ஒரு உதாரணம் பார்ப்போம். பெரம்பூர் ஐ.சி.எப்.பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் ஒருத்தர். 1994-ல் 3 லட்ச ரூபாய்க்கு ஒரு வீடு வாங்கினார். 2019-ல் காலமாகிவிட்டார். உயில் எழுதவில்லை. மனைவி, 2 மகன், ஒரு மகள். தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழ் வாங்கி, 2025 நவம்பரில் வீட்டை ரூ.80 லட்சத்துக்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 20 லட்சம்.

அம்மாவுக்கு மாசம் 20 ஆயிரம் ரூபாய் குடும்ப பென்ஷன். மூத்த மகன் என்ஜினீயர், அந்த வருஷம் நடுவில் கம்பெனி மாறியவர். மகள் தையல் கடை வைத்திருக்கிறார். சின்னவர் குவைத்தில் வேலை.

இந்த குடும்பம் செய்யும் முதல் தப்பு, 'நம்ம வீட்டுக்கு ஒரு கணக்கு போட்டுடுங்க' என்று ஒருத்தரிடம் பையை கொடுப்பது. நம் நாட்டில் புருஷன், பொண்டாட்டி, பிள்ளைகள் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடும் வழக்கம் கிடையாது. இந்து கூட்டுக் குடும்பம் என்று தனி பான் கார்டு வைத்திருப்பது வேற கதை. மற்றபடி ஒரு பான் கார்டுக்கு ஒரு ரிட்டர்ன். ஆக இங்கே 4 பேர், 4 ரிட்டர்ன். அந்த நாலும் நாலு விதம்.

அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். '12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு டி.வி.ல சொன்னாங்களே, அம்மாவுக்கு பென்ஷன்தானே, விடு' என்பார்கள். 2025-26-ம் ஆண்டில் புதிய முறையில் வந்த 12 லட்சம் சலுகை சம்பளம், பென்ஷன், வட்டி மாதிரி சாதாரண வருமானத்துக்குத்தான். வீடு விற்ற லாபத்துக்கு தனி வரி விகிதம் என்பதால் அதற்கு அந்த சலுகை ஒட்டாது. அம்மாவும் ரிட்டர்ன் போட்டே ஆகவேண்டும், வரியும் கட்டவேண்டும்.

அதே சமயம் அம்மாவுக்கு ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. வருஷ பென்ஷன் 2 லட்சத்து 40 ஆயிரத்தில் 25 ஆயிரம் கழிவு போக 2 லட்சத்து 15 ஆயிரம். புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே கிடையாது. மீதி இருக்கிற 1 லட்சத்து 85 ஆயிரத்தை வீட்டு லாபத்தில் இருந்து கழித்துக்கொள்ளலாம். இதனாலேயே 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம் ஆகும். தெரிந்த ஆள் என்றால் இதை கழிப்பார். தெரியாதவர் அப்படியே விட்டுவிடுவார். அந்தம்மாவுக்கு தெரியவா போகுது?

மகள் கதை வேற. தையல் கடையில் வருஷம் 6 லட்சம் வருமானம் என்றால் சாதாரணமாக அவருக்கு வரி பூஜ்யம். ஆனால் வீட்டு லாபம் சேர்ந்ததும் மொத்த வருமானம் 12 லட்சத்தை தாண்டிவிடும். தாண்டியதும் அந்த சலுகை மொத்தமாக போய்விடும். கடை வருமானத்துக்கும் 10 ஆயிரம் ரூபாய் வரி கட்டவேண்டி வரும். வழக்கமாக அவர் போடும் சின்ன வியாபாரிகளுக்கான 4-ம் நம்பர் படிவமும் இந்த வருஷம் செல்லாது, 3-ம் நம்பருக்கு மாறவேண்டும். போன வருஷம் போட்ட மாதிரியே போட்டுத்தரும் ஆள் இங்கே சறுக்குவார்.

மூத்தவருக்கு வீடே விற்காவிட்டாலும் ஒரு வில்லங்கம் காத்திருக்கிறது. முதல் 6 மாதம் மாசம் 1 லட்சம். அந்த கம்பெனி, 'வருஷத்துக்கு 12 லட்சம்தானே வருது' என்று வரி பிடிக்கவில்லை. அடுத்த 6 மாதம் மாசம் ஒன்றேகால் லட்சம். பழைய சம்பளத்தை இவர் சொல்லாததால் புது கம்பெனி, 'நம்ம கணக்குல ஏழரை லட்சம்தான்' என்று அதுவும் பிடிக்கவில்லை. ரெண்டையும் கூட்டினால் பதிமூன்றரை லட்சம். நிரந்தர கழிவு 75 ஆயிரத்தை ஒரு தடவைதான் கழிக்கலாம். செஸ் சேர்த்து ரூ.74 ஆயிரத்து 100 வரி தலைமேல் வந்து விழும். ஒரே ஒரு படிவம் 16-ஐ மட்டும் வாங்கிக்கொண்டு, 'முடிஞ்சுது சார்' என்று அனுப்புகிறவர், அந்த 74 ஆயிரத்தை வட்டியோடு வளரவிடுகிறார்.

ஒரே வீட்டுக்கு மூணு விதமான வரி

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். வீடு விற்ற லாபம் எவ்வளவு? 80-ல் இருந்து எதை கழிப்பது?

பத்திரத்தில் இருப்பது 1994-ல் கொடுத்த 3 லட்சம். பலபேர் அதைத்தான் கழிப்பார்கள். ஒரு வாரிசின் பங்கு 75 ஆயிரம். லாபம் 19 லட்சத்து 25 ஆயிரம். அதற்கு பன்னிரண்டரை சதவீதம் என்றால் வரி ரூ.2 லட்சத்து 40 ஆயிரத்து 625.

ஆனால் 2001 ஏப்ரல் 1-ந்தேதிக்கு முன்பு வாங்கிய சொத்து என்றால், அந்த தேதியில் சந்தை மதிப்பு என்னவோ அதை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவுத்துறையின் அன்றைய வழிகாட்டி மதிப்பை தாண்டக்கூடாது, அவ்வளவுதான். அப்பா காலத்து சொத்து வாரிசுக்கு வந்தாலும் இது பொருந்தும். அன்றைய மதிப்பு 12 லட்சம் என்று வைத்தால் ஒரு பங்கு 3 லட்சம். லாபம் 17 லட்சம். வரி ரூ.2 லட்சத்து 12 ஆயிரத்து 500.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2024 ஜூலை 23-ந்தேதிக்கு முன்பே கையில் இருந்த நிலம், வீட்டுக்கு, விலைவாசி உயர்வை சேர்த்து கணக்கு போட்டு 20 சதவீதம் கட்டும் பழைய முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எது குறைவோ அதை கட்டினால் போதும். 2001-ல் 100 என்றால் 2025-26-க்கு அரசு அறிவித்த குறியீடு 376. அப்போது 3 லட்சம் என்பது 11 லட்சத்து 28 ஆயிரம் ஆகிவிடும். லாபம் வெறும் 8 லட்சத்து 72 ஆயிரம். வரி ரூ.1 லட்சத்து 74 ஆயிரத்து 400. வாரிசு சொத்துக்கு எந்த வருஷத்தில் இருந்து குறியீடு போடுவது என்று ஒரு காலத்தில் தகராறு இருந்தது. அப்பா வைத்திருந்த காலத்தில் இருந்தே போடலாம் என்று பம்பாய் ஐகோர்ட்டு சொன்ன தீர்ப்பு இதற்கு கைகொடுக்கும்.

முதல் கணக்குக்கும் கடைசி கணக்குக்கும் ஒரு பங்குக்கு மட்டும் 66 ஆயிரத்து 225 ரூபாய் வித்தியாசம்! செஸ் தனி. இதில் பொய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சட்டத்தில் இருக்கிற வழி. 'பீஸ் ஜாஸ்தியா இருக்கே' என்று 2 ஆயிரம், 3 ஆயிரத்துக்கு பேரம் பேசி, தெரியாதவரிடம் கொடுத்தால் போகிற காசு இதுதான்.

குவைத் தம்பிக்கு இந்த பழைய முறை கிடையாது. அது உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு மட்டும். அம்மாவுக்கு கழித்த மாதிரி மீதி இருக்கிற வரம்பை கழிக்கவும் அவருக்கு முடியாது. அவருக்கு 2 லட்சத்து 12 ஆயிரத்து 500-தான், செஸ் தனி.

பத்திரப்பதிவுக்கு முன்னாடியே ஆடிட்டர்

குவைத் தம்பியால் வரும் இன்னொரு சிக்கல்தான் பல குடும்பங்களை பாடாய் படுத்துகிறது.

வீட்டின் விலை 50 லட்சத்தை தொட்டால் வாங்குகிறவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கவேண்டும். இங்கே இருக்கிற 3 பேருக்கு அது சரி. ஆளுக்கு 20 ஆயிரம். ஆனால் வெளிநாட்டில் வசிப்பவரின் பங்குக்கு 1 சதவீதம் போதாது. செஸ் சேர்த்து 13 சதவீதம். அதுவும் பெரும்பாலும் மொத்த 20 லட்சத்தின் மீதே பிடித்துவிடுவார்கள். 2 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய்! கூடுதலாக பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கணும். லாபம் இவ்வளவுதான் என்று காட்டி, குறைவாக பிடிக்க வருமான வரித்துறையிடம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கலாம். ஆனால் பதிவு முடிந்து, காசு கைமாறிய பிறகு போய் கேட்டால் என்ன பிரயோஜனம்?

நாலு பேருக்கும் 1 சதவீதம் பிடித்துவிட்டு, 'எங்க தம்பி அங்க வேலை பாக்குறான், ஆனா ஆதார் கார்டு இங்கதானே இருக்கு' என்று சமாளிப்பவர்களும் உண்டு. பின்னால் வாங்கியவருக்கு நோட்டீஸ் வரும். அவர் நேராக உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

முன்வரி என்று ஒன்றும் இருக்கிறது. நவம்பரில் விற்றால் டிசம்பர் 15, மார்ச் 15 தவணைகளில் வரி கட்டியிருக்க வேண்டும். விட்டால் மாசம் 1 சதவீதம் வட்டி. வியாபார வருமானம் இல்லாத, 60 வயது தாண்டிய அம்மாவுக்கு மட்டும் இதில் விலக்கு. மகள் தன் பங்கில் ஒரு பிளாட் வாங்க நினைத்தால், லாபத்துக்கு வரி விலக்கே கிடைக்கும். ஆனால் வீடு இன்னும் அமையவில்லை என்றால், ரிட்டர்ன் கெடு முடிவதற்குள் அந்த பணத்தை பேங்கில் அதற்கென்று இருக்கிற தனி டெபாசிட் கணக்கில் போட்டுவிட வேண்டும். சாதாரண எப்.டி.யில் போட்டால் செல்லாது.

ஆக வீடு விற்கும் குடும்பம் ஆடிட்டரை தேடவேண்டியது அட்வான்ஸ் வாங்கும் அன்றைக்கு. கடைசி வாரத்தில் பையை தூக்கிக்கொண்டு ஓடினால் பாதி வழி அடைபட்டிருக்கும்.

ஆளை எப்படி பார்ப்பது?

சரி, யாரிடம்தான் போவது? ஒரே வரியில் சொல்வதென்றால், உங்கள் பையில் இருக்கிற காகிதங்களிலேயே ரொம்ப சிக்கலான காகிதம் எதுவோ, அதை கையாளத் தெரிந்தவரிடம். மேலே சொன்ன குடும்பத்தில் அது குவைத் தம்பியின் பங்கு. சம்பளக்காரர்களுக்கு 200 ரிட்டர்ன் போட்டவராக இருந்தாலும், வெளிநாட்டில் வசிப்பவர் சொத்து விற்ற கேஸ் ஒன்றைக்கூட பார்க்காதவர் என்றால் இந்த குடும்பத்துக்கு அவர் சரிப்பட்டு வரமாட்டார்.

கேட்க கூச்சப்பட வேண்டாம். 'சார், வாரிசு வீடு வித்த கேஸ் இதுக்கு முன்னாடி பண்ணியிருக்கீங்களா? 2001 மதிப்பு எப்படி எடுப்பீங்க?' என்று நேராக கேளுங்கள். தெரிந்தவர் உடனே பழைய பத்திரம், மதிப்பீட்டாளர் அறிக்கை, வாரிசு சான்றிதழ் என்று வரிசையாக கேட்க ஆரம்பிப்பார். தெரியாதவர், 'அதெல்லாம் நான் பாத்துக்குறேன், நீங்க ஆதாரும் பானும் மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்க' என்பார்.

நம்மிடம் அதிகம் கேள்வி கேட்பவர்தான் நல்ல ஆடிட்டர். டாக்டர் மாதிரிதான். நாக்கை நீட்டச் சொல்லாமல் மாத்திரை எழுதுகிற டாக்டரை நம்புவீர்களா?

படிவம் 26ஏ.எஸ்., ஏ.ஐ.எஸ். ரெண்டையும் அவர் இறக்கிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். உங்கள் பான் கார்டில் பதிவான எப்.டி. வட்டி, ஷேர் விற்றது, பத்திரப்பதிவு எல்லாம் ஏ.ஐ.எஸ்.சில் வரிசையாக நிற்கும். அதிகாரி பார்ப்பதும் அதே பட்டியலைத்தான். அதை திறக்காமலே ரிட்டர்ன் போடுகிறவர், கண்ணை கட்டிக்கொண்டு ரோட்டை கடக்கிறார், உங்கள் கையையும் பிடித்துக்கொண்டு.

நோட்டீஸ் வந்தால் யார் பதில் போடுவது, அதற்கு தனி பீசா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். அதிகாரி முன்பு உங்களுக்காக ஆஜராக சி.ஏ., வக்கீல் போன்றவர்களுக்கு உரிமை உண்டு. நெருங்கிய சொந்தக்காரரும் ஆஜராகலாம். பிரவுசிங் சென்டர் தம்பி நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரால் அங்கே வந்து நிற்க முடியாது.

பீஸ் விஷயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கிடைக்கிற ரீபண்டில் இத்தனை சதவீதம் என்று பீஸ் வாங்க சி.ஏ.க்களுக்கு அவர்களின் தொழில் விதிகளே தடை போடுகின்றன. எனவே, 'ரீபண்டுல 10 பர்சென்ட் கொடுங்க போதும்' என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் சி.ஏ. இல்லை. அல்லது விதியை மீறுகிற சி.ஏ. ரெண்டுமே நமக்கு வேண்டாம். சி.ஏ. என்று போர்டு வைத்திருந்தால் உறுப்பினர் எண்ணை கேட்டு வாங்கி, ஐ.சி.ஏ.ஐ. இணையதளத்தில் சரிபார்க்கலாம். சென்னையில் அந்த அமைப்பின் தென்மண்டல அலுவலகம் இருப்பது நுங்கம்பாக்கம் உத்தமர் காந்தி சாலையில், வருமான வரித்துறை ஆபீசுக்கு பக்கத்திலேயே!

அண்ணன், தம்பி, தங்கச்சி ஆளுக்கொரு ஆடிட்டரை வைப்பது பற்றி ஒரு வார்த்தை. ஒரே வீட்டை விற்ற 4 பேரும் 2001 மதிப்பை நாலு விதமாக காட்டினால் என்ன ஆகும்? ஒருத்தர் 12 லட்சம், இன்னொருத்தர் 9 லட்சம் என்றால் கேள்வி வராமல் இருக்குமா? முடிந்தவரை 4 பேரும் ஒரே ஆளிடம் போவது நல்லது. பங்கு விஷயத்தில் வீட்டுக்குள் சண்டை இருந்தால் மட்டும் தனித்தனி ஆள் வைக்கலாம். அப்போதும் அந்த மதிப்பீட்டு அறிக்கை ஒன்றாகவே இருக்கட்டும்.

பாஸ்வேர்டு கொடுக்காதீங்க

ஆளை பிடித்தாகிவிட்டது. இனி உங்கள் வேலை முடிந்ததா என்றால் இல்லை.

இணையதளத்தில் முதன்மை செல்போன் எண்ணும், இ-மெயிலும் உங்களுடையதாக இருக்கவேண்டும். உள்ளே போய் இன்றைக்கே பாருங்கள். பலருக்கு எப்போதோ ஒருமுறை ரிட்டர்ன் போட்டவரின் நம்பர்தான் அங்கே இருக்கும். பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் தூக்கிக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. 'என் சி.ஏ.' என்று ஒரு வசதி அந்த இணையதளத்திலேயே இருக்கிறது. அதில் உங்கள் ஆடிட்டரை சேர்த்துவிட்டால் அவர் தன்னுடைய லாகினில் இருந்து வேலையை பார்ப்பார். வேண்டாம் என்றால் நீக்கிவிடலாம்.

சமர்ப்பிக்கும் முன்பு கணக்குத் தாளை வாங்கிப் படியுங்கள். வரி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. 'வீட்டு வாடகை 1 லட்சத்து 80 ஆயிரம்' என்று அதில் இருந்து, நீங்கள் இருப்பது சொந்த வீடு என்றால் அது பொய் என்று உங்களுக்கு தெரியுமே! கட்சி நன்கொடை என்று ஒரு வரி இருந்தால், எந்த கட்சிக்கு எப்போது கொடுத்தேன் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

ஏற்கனவே இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி முழுசாக அடைபடவில்லை. சம்பந்தப்பட்ட ஆண்டுக்கான திருத்த கெடு முடிந்துபோனாலும், கூடுதல் வரி கட்டி புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் போடலாம். முன்பு 2 வருஷமாக இருந்த இந்த அவகாசத்தை 2025-ல் 4 வருஷமாக ஆக்கினார்கள். முதல் வருஷத்துக்குள் என்றால் கூடுதலாக 25 சதவீதம், நாலாவது வருஷத்தில் என்றால் 70 சதவீதம். சோதனை, விசாரணை என்று ஆரம்பித்துவிட்டால் பல நேரங்களில் இந்த கதவும் மூடிக்கொள்ளும். இதிலும் நல்ல ஆடிட்டர் தேவை. பொய்க் கழிவு போட்டுக்கொடுத்த அதே ஆளிடம் திரும்பப் போகாதீர்கள்.

கெடு தேதி விஷயத்தில் டீக்கடை பேச்சை நம்ப வேண்டாம். சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக ஜூலை 31. ஆனால் 2025-ல் அது செப்டம்பர் 15-க்கு தள்ளிப்போய், அப்புறம் ஒரு நாள் கூட்டி 16 ஆனது. அந்தந்த வருஷத்துக்கு இணையதளத்தில் போட்டிருப்பதுதான் கணக்கு. சந்தேகம் இருந்தால் 1800 103 0025 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம் 5 ஆயிரம், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் ஆயிரம்.

ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் அதை சரிபார்ப்பு செய்யவேண்டும். செய்யாவிட்டால் போடாத மாதிரிதான். பீசை வாங்கிக்கொண்டு இந்த கடைசி வேலையை மறந்துவிடுகிறவர்கள் நிறைய பேர். ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யை போட்டால் 2 நிமிஷத்தில் முடியும். குவைத் தம்பியின் பழைய சிம் பீரோவில் கிடந்து ரத்தாகி இருக்கும். அவருக்கு நெட் பேங்கிங் வழியாக செய்யலாம். இல்லாவிட்டால் ஒப்புகை தாளில் கையெழுத்து போட்டு பெங்களூருவில் உள்ள வரித்துறை மையத்துக்கு தபாலில் அனுப்பலாம். அதுவும் அதே 30 நாளுக்குள் போய்ச் சேரவேண்டும் என்பதால், ரிட்டர்ன் போடும் தேதியை தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.